நிறுத்த பிறகு ஒரு பிடி

1

என் தங்கையின் கருவாட்டை இந்த நாட்டில் பிடித்து வைத்துவிட்டார்கள். செய்தி வந்தபோது நான் லொறியில் இருந்தேன். கடையொன்றின் பின்வாசலில் தேங்காய்ப்பால் டின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி தொலைபேசியில் சொன்னதை முதலில் நம்பவில்லை. உன் தங்கையின் மீனுக்குள் வேறு மீன் இருக்கிறதாம் என்றார். மீனுக்குள் மீன் இருப்பது கடலில் நடக்கிற காரியம்தானே என்று சொல்ல வாய் வந்தது. அவர் குரலைக் கேட்டு அடக்கிக்கொண்டேன்.

நான் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் இருக்கிறேன். ஆசியச் சாமான்களை இறக்குமதி செய்து சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் லொறி ஓட்டுகிறேன். அரிசி, பருப்பு, உறைய வைத்த ரொட்டி, பப்படம் என்று எல்லாம் ஏற்றுவேன். கொஞ்ச காலமாக என் தங்கை ஜெஸீமா கட்டா என்ற மீனில் போடும் கட்டாக் கருவாடும் அதில் சேர்ந்திருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, ஏற்றி இறக்கும் பெட்டியின் மேல், இலங்கையில் எங்கள் ஊரான கற்பிட்டியின் பெயரைப் பார்த்தேன். முதல் நாள் அந்தப் பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுக்கவே மனமில்லை.

ஜெஸீமா எனக்கு ஒரே தங்கை. எங்கள் வழக்கப்படி அண்ணனான என்னை நானா என்று கூப்பிடுவாள். கற்பிட்டியைத் தாண்டிக் கண்டக்குழிப் பக்கம் கடற்கரையில் அவளுக்குக் கருவாடு போடும் வாடி இருக்கிறது. கணவர் கடலுக்குப் போனவர்தான். முதுகு விட்டுவிட்டது, இப்போது வீட்டில் வலை பொத்துகிறார். ஆகவே குடும்பம் அந்த வாடியில்தான் நிற்கிறது. முன்பெல்லாம் புத்தளத்து வியாபாரி ஒருவர் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். விலையை அவரே சொல்வார், நிறையையும் அவரே சொல்வார். அந்தக் கையிலிருந்து தப்பி நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அனுமதிக்காக அவள் ஏறாத அலுவலகம் இல்லை. தரையில் ஓடு பதிக்கச் சொன்னார்கள், பதித்தாள். தலைக்குத் தொப்பி போடச் சொன்னார்கள். முக்காட்டின் மேல் போட்டாள். கடைசியில் அனுமதி வந்தது. நான் முதலாளியிடம் கெஞ்சி, முதல் தடவை கொஞ்சம் எடுக்கச் சொன்னேன். அது போனது. இரண்டாவது தடவையும் போனது. பிடிபட்டது மூன்றாவது.

இது திரும்பினால் நான்காவது இல்லை என்று முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். நிலைமை அதுதான்.

2

துறைமுகத்தில் உணவுப் பரிசோதகர் ஒருவர் நாலைந்து பொதிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மேலே ஒட்டிய தாளில் கட்டா என்று இருக்கிறது. உள்ளே கட்டாவும் இருக்கிறது. ஆனால் எல்லாப் பொதியிலும் ஆக மேலே, வெள்ளையாக, நார் நாராக, தோல் இல்லாத சில துண்டுகள் இருந்தனவாம். பார்த்தாலே வேறு என்று தெரிகிறது. இது என்ன என்று கேட்டு எழுதியிருந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

எங்கள் கரையில் கருவாடு நிறுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தராசு சரியாக நின்ற பிறகு, பக்கத்து மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மேலே போடுவார்கள். நிறுத்தது கட்டா என்றால் பிடியும் கட்டாவாக இருக்க வேண்டும் என்று இல்லை. அன்றைக்கு எது நல்லதாக இருக்கிறதோ அது. வாங்குகிறவர் அதைக் கேட்பதில்லை, விற்கிறவர் அதைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை. அதில்தான் பரக்கத், வியாபாரத்தைப் பெருக்கும் இறையருள், இருக்கிறது என்பது எண்ணம். பிடி போடாத கடைக்கு ஆட்கள் போவார்கள், ஆனால் பின்னால் பேசுவார்கள்.

ஜெஸீமா வாடிக்கு ஓடு பதித்தாள், தராசை மாற்றினாள், பொதியை, எங்கள் பேச்சில் பக்கெட்டை, ஒட்டும் இயந்திரம் வாங்கினாள். கையை மட்டும் மாற்றவில்லை. பொதி சரியாக அரைக் கிலோ நிற்கும், பிறகு ஒரு பிடி விழும், பிறகுதான் இயந்திரம் வாயை மூடும். கடல் தாண்டிப் போகிற பொதிக்கும் அதே மரியாதை.

அன்று இடைவேளையில் லொறிக்குள் இருந்தே அவளை அழைத்தேன்.

"ஜெஸீமா, பக்கெட்டுக்குள்ள என்ன போட்ட?"

"கட்டா."

"மேல?"

பின்னால் காகங்களை யாரோ விரட்டும் சத்தம் கேட்டது.

"மேல போட்டத ஏன் கேக்குறீங்க நானா? அது கணக்குல இல்லாததுதானே."

"இங்க கணக்குல வந்துட்டு. ஆபீஸ்ல கேக்குறாங்க."

"நல்ல சாமான்தான். பால் சுறா. கெட்டது எதயும் நான் போடுவனா?"

"நல்லதோ கெட்டதோ, கட்டா பக்கெட்டுக்குள்ள சுறா ஏன் வந்திச்சு எண்டு அவன் கேக்குறான்."

"கட்டாவ எல்லாரும் தின்பாங்க. பால் சுறா பிள்ள பெத்தவளுக்கு. அங்கயும் பிள்ள பெறுவாங்கதானே? யாராவது ஒருத்திட கைக்குப் போய்ச் சேரட்டும் எண்டு ஸதகா நிய்யத்துல போட்டன். சரக்குக் கறி வைக்க அங்க சுறாவுக்கு எங்க போவாங்க?"

ஸதகா நிய்யத் என்றால் தர்மம் செய்யும் எண்ணம். சரக்குக் கறி என்பது பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்து வைக்கும் கறி. பால் சுரக்க வேண்டும் என்று அதில் பால் சுறாவைப் போடுவார்கள். அவள் சொன்னதைக் கேட்டபோது பெருமையாக இருந்தது. அந்த வேளையில் எதிரே நின்றிருந்தால் தலையில் குட்டியும் இருப்பேன்.

3

இதை ஆங்கிலத்தில் ஒரு அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இங்கே இருந்தும், ஆங்கிலம் எனக்கு லொறிக்குப் போதும், கடிதத்துக்குப் போதாது. முதல் தடவை அவரோடு தொலைபேசியில் பேசியபோது, என் தங்கை ஒவ்வொரு பொதிக்குள்ளும் தன் கையைப் போட்டாள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகள் ஸைனப் தலையில் கை வைத்துக்கொண்டு தொலைபேசியை வாங்கினாள்.

ஸைனப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது. ஊருக்கு அவள் கடைசியாகப் போனது சின்ன வயதில். மாமியின் வாடியைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் நாற்றம்தான், அதையும் மறைக்காமல் சொல்வாள். கருவாடு பொரிக்கிற நாளில் தன் உடுப்பையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். இதற்காக என் மனைவி ரிபாயா அவளோடு சண்டை பிடித்துப் பிடித்து ஓய்ந்துவிட்டாள். ஊரைப் பற்றி நாங்கள் பேசுவதை அவள் பக்கத்து வீட்டாரின் குடும்பக் கதையைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்பாள். அந்த மரியாதைதான் எனக்கு வலிக்கும்.

அதிகாரி அவளிடம் நிறையக் கேள்விகள் கேட்டார். அந்தப் பிடி விற்பனைப் பொருளா? இல்லை. விளம்பரத்துக்கா? இல்லை. தவறுதலாக விழுந்ததா? இல்லை, வேண்டுமென்றே போட்டது. ஏன்? ஸைனப் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவள் பாதியைச் சொன்னாள், மிச்சத்துக்கு நன்மதிப்பு என்ற பொருளில் ஏதோ ஒரு வியாபாரச் சொல்லைப் போட்டு மூடினாள்.

அவர் நல்ல மனிதர். இந்த வேலையில் நான் பார்த்ததெல்லாம் மலிவான மீனுக்கு விலையான மீனின் பெயரைப் போடுவதுதான், விலையான மீனை மலிவான பெயருக்குள் ஒளித்து அனுப்பியவரை இதுவரை கண்டதில்லை என்று சிரித்தாராம். ஆனால் சுறா என்று சொல்லிவிட்டீர்கள், சுறாவில் பாதுகாக்கப்பட்ட இனங்கள் இருக்கின்றன, ஆகவே மரபணுச் சோதனைக்கு அனுப்பாமல் விட முடியாது என்றார். அவர் முதலில் கேட்டு எழுதியதற்குப் பதிலாக, சுறா என்று நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

தொலைபேசியை வைத்ததும் ஸைனப் கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "விலை கூடின மீன் என்றால் மாமி ஏன் அதைத் தனியாகப் பொதி செய்து விற்கவில்லை?"

"விக்கிறதுக்கு இல்ல மகள். குடுக்கிறதுக்கு."

"அப்படியென்றால் பொதியில் சுறாவும் இருக்கிறது என்று எழுதியிருக்கலாமே."

இதை நான் மறுநாள் ஜெஸீமாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"எழுதிக் குடுத்தா அது வித்த சாமான் நானா."

4

சோதனை முடிவு வரும்வரை கருவாடு துறைமுகத்துக் களஞ்சியத்தில் கிடந்தது. நான் வழக்கம்போல லொறி ஓட்டினேன். விடியும் முன்னே போய் ஏற்றுவேன், மழையில் இறக்குவேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு லொறியைப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் தேடித் தேடிக் குத்பா உரையின் பாதியில் போய் உட்காருவேன். கடைகளில் ஜெஸீமாவின் கருவாடு வந்ததா என்று கேட்டார்கள். வரும் என்று சொன்னேன்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதை அதிகாரியின் அறிவிப்போடு தபாலில் வந்த தாளிலிருந்து ஸைனப் வாசித்துச் சொன்னாள். நகத்தளவு சதை போதுமாம். காய்ந்தது, உப்பிட்டது, தோல் உரித்தது, எதுவானாலும் சரி. அதற்குள் இருக்கும் மரபணுவில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து வாசிக்கிறார்கள். அந்தத் துண்டு ஒவ்வொரு இனத்துக்கும் வேறு வேறாக இருக்கும். கடையில் சாமானின் பின்பக்கம் உள்ள கோடுகளை இயந்திரம் வாசிக்கிறதே, கிட்டத்தட்ட அப்படி. வாசித்ததை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் இனங்களோடு ஒப்பிட்டால் பெயர் வந்துவிடும்.

எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. இந்த நாட்டுக்கு அது வேண்டும். இங்கே மீன் வாங்கப் போனால் வெள்ளை வெள்ளையாகச் சதைத் துண்டுகள் பிளாஸ்டிக் தட்டில் படுத்திருக்கும். தோல் இல்லை, முள் இல்லை, தலை இல்லை. எது என்ன மீன் என்று தாள்தான் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ரிபாயா ஒரு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுட தலை எங்க?" என்று கடைக்காரப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எலுமிச்சம்பழம் இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

ஊரில் அப்படி இல்லை. பெரிய மீனை வெட்டிப் போட்டால், தலையைத் துண்டுகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். கடைசித் துண்டு விற்கும்வரை தலை அங்கே இருக்க வேண்டும். வாங்குகிறவர் தலையைப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பிறகுதான் துண்டைத் தொடுவார். தலையை முதலே விற்றுவிட்டவனிடம் துண்டு வாங்க யாரும் நிற்கமாட்டார்கள். இங்கே தலையை வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு மரபணுவைத் தேடுகிறார்கள். சரி, அவரவர் வழி அவரவருக்கு.

உண்மையைச் சொன்னால் நான் பயப்படவில்லை. பால் சுறா என்று வரும், அது பாதுகாக்கப்பட்ட இனமில்லை என்று வரும், ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஜெஸீமாவுக்கும் அதையே சொன்னேன். அவள் அடுத்த தடவைக்குக் கட்டா வாங்கத் தொடங்கியிருந்தாள்.

5

முடிவு வந்தது. கட்டா, கட்டாதான். மேலே இருந்தது சுறா இல்லை. திருக்கை.

அதற்கு ஒரு இலத்தீன் பெயர் போட்டு, பாதுகாக்கப்பட்ட இனமில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வகையில் நிம்மதி. ஆனால் வேறொரு சிக்கல் வந்துவிட்டது. பொதியில் எழுதியது ஒன்று, உள்ளே இருந்தது இன்னொன்று, கேட்டபோது நாங்கள் கையெழுத்துப் போட்டுச் சொன்னது மூன்றாவது ஒன்று. அதிகாரி இப்போது சிரிக்கவில்லை.

முதலாளி என்னை எங்கள் நிறுவனக் களஞ்சியத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். அவர் கெட்டவர் இல்லை. ரிபாயா நோயில் கிடந்தபோது எனக்குப் பதிலாக லொறியைத் தானே ஓட்டிய மனிதர். அவர் சொன்னது இதுதான். இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாகிவிட்டது. பொதி செய்த தொழிலாளி ஒருவர் பக்கத்து மூட்டையிலிருந்து தவறுதலாகப் போட்டுவிட்டார், முதலில் சொன்ன விளக்கம் விசாரிக்காமல் சொன்னது, அந்தத் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது என்று உன் தங்கை ஒரு கடிதம் தரட்டும். மேலே இருப்பதை எடுத்துவிட்டு மிச்சத்தை விடுவிக்கச் சொல்லி நான் பேசிப் பார்க்கிறேன். பிடி போடுகிற கதை, பரக்கத் கதை எதுவும் வேண்டாம். முக்கியமாக, போன தடவை அனுப்பியதிலும் பிடி இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். யாரும் கேட்கவில்லை.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு தாளில் இரண்டு வரி. யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை, யாரும் சாகவில்லை. ஸைனப் கடிதத்தை அன்று மாலையே தட்டச்சு செய்துவிட்டாள். அழகான கடிதம். தொழிலாளியின் பெயருக்கு மட்டும் ஓர் இடம் காலியாக விட்டிருந்தாள்.

6

மறுநாள் எனக்கு விடுமுறை, காலையிலேயே ஜெஸீமாவை அழைத்தோம். தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்திவைத்து, நானும் ரிபாயாவும் ஸைனபும் சுற்றி உட்கார்ந்தோம். நான் முடிவைச் சொன்னேன்.

"திருக்கையா?"

"ஓம்."

"வேற யார்ட பக்கெட்டோட மாறியிருக்கும் நானா."

"மாறல்ல. உன்ட பக்கெட்டுத்தான். பிரிச்ச எல்லாத்துலயும் திருக்கை."

"திருக்கை," என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொன்னாள். திரையில் அவள் முகம் சற்று விலகியது, வாடியின் கூரைத் தகரம் தெரிந்தது.

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஒருவருடைய பெயர் வேண்டும், வெறும் தாளுக்குத்தான், உண்மையில் யாரையும் நிறுத்தத் தேவையில்லை என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் புத்தளத்து வியாபாரியின் குரல்போலக் கேட்டது.

"மெஷின்கிட்ட நிக்கிறது றீற்றா," என்றாள் ஜெஸீமா. "வேற ஆள் இல்ல. அவட பேரத்தான் போடணும்."

"தாளுக்குத்தானே."

"பிள்ள பெத்து அவ நாப்பது நாள் வீட்டுல இருக்கக்க, பால் சுறா எண்டு நான் அவக்குக் கொண்டு போய்க் குடுத்ததும் அதே மூட்டையில இருந்துதான். அவட சின்னம்மா சரக்குக் கறி வச்சுக் குடுத்தாங்க. நான் அவக்கும் பொய்ய ஊட்டிட்டு, அவட பேரயே பொய்க்கு எழுதணுமா?"

ரிபாயா என் பக்கம் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"அந்த மூட்டைய எங்க வாங்கின?" என்று கேட்டேன்.

உச்சமுனைப் பக்கமிருந்து வந்த படகில் ஒருவர் கொண்டுவந்தாராம். தோல் உரித்து, கீற்றுக் கீற்றாக வெட்டிக் காயவைத்த சதை. பால் சுறா என்றாராம். அவருக்கும் வேறு யாரோ அப்படித்தான் சொல்லி விற்றார்களாம். முதலில் சொன்னது யார் என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.

"நீ தலையக் காட்டு எண்டு கேக்கல்லயா? வேற யாரும் எண்டாச் சரி, நீ எப்படி ஏமாந்த?"

அவள் கேமராவுக்கு முன்னால் வந்தாள். முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"விக்கிறதுக்கு எண்டா விட்டிருப்பனா நானா? காயாத மீனாக் கொண்டா, தலையோட கொண்டா எண்டு சண்ட பிடிச்சிருப்பன். கட்டா ஒவ்வொண்டையும் தொட்டுப் பாத்துத்தான் வாங்கினன். இது குடுக்கிறதுக்குத்தானே எண்டு வாயத் திறக்காம வாங்கிட்டன். விக்கிற சாமான அவ்வளவு பாத்த நான், அல்லாஹ்வுக்காகக் குடுக்கிற சாமானப் பாக்கல்ல. இதுல றீற்றாட பிழை எங்க இரிக்கி?"

அவள் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தபோது அழுத அடையாளம் இருந்தது, குரல் தெளிவாக இருந்தது. என்னிடம் பேசவில்லை.

"மகள், நீங்க எழுதுங்க. நான் சொல்றத அப்படியே எழுதுங்க."

ஸைனப் பழைய கடிதத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். மாமி தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். பிடியைப் போட்டது நான். ஒவ்வொரு பொதியிலும் நானே என் கையால் போட்டேன். சுறா என்று நம்பினேன், சரியாகப் பார்க்கவில்லை. போன தடவை அனுப்பிய எல்லாப் பொதியிலும் அதே மூட்டையிலிருந்துதான் போட்டேன்.

அந்த இடத்தில் ஸைனபின் கை நின்றது. "மாமி," என்றாள். பிறகு தமிழிலேயே சொன்னாள், தட்டுத்தடுமாறி: "அத எழுதினா உங்கட பிஸ்னஸ் முடிஞ்சிரும். நெசமா முடிஞ்சிரும்."

"தெரியும் மகள். எழுதுங்க."

எழுதினாள். முதல் கடிதத்தின் அழகு இதில் இல்லை. ஸதகா என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள், இவ்வளவு காலமும் அவளுக்கு அது ரமழானில் தொலைபேசியில் அனுப்பும் பணம் மட்டும்தான். நான் சொன்னேன். அவள் அந்த வியாபாரச் சொல்லைத் தேடவில்லை. தர்மம் என்றே ஆங்கிலத்தில் எழுதினாள்.

7

மூன்றாவது அனுப்புதலை அழித்துவிட்டார்கள். எரித்தார்களா புதைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. நான்காவது இல்லை. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை, என் வேலைக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் இப்போது காலையில் ஏற்றும்போது அவர் முன்போல வந்து நின்று பேசுவதில்லை. போகட்டும். புத்தளத்து வியாபாரி ஜெஸீமாவின் வாடிக்கு மறுபடி வருகிறார். விலையை அவரே சொல்கிறார்.

அவளுக்காக எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் ஒரு வரியைக் குறைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று ஒரு நாளைக்குத் தோன்றும். குறைத்திருந்தால் றீற்றாவின் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள் என்று மறுநாள் தோன்றும். ஸைனபிடம் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, மாமியின் தொலைபேசி எண்ணைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். இப்போது இரண்டு பேரும் தனியாகப் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குச் சொல்வதில்லை.

இரண்டாவது தடவை வந்தது எல்லாம் விற்றுப்போய்விட்டதால், அதை வாங்கியவர்களுக்கு அறிவித்தல் போட வேண்டும் என்று சட்டம். போட்டார்கள். கடைக் கதவுகளில் வெள்ளைத் தாள், ஆங்கிலத்தில், இலத்தீன் பெயரோடு, பொதியின் இலக்கத்தோடு. திருப்பித் தந்தால் காசு தருவோம் என்றும் இருக்கிறது. யாரும் திருப்பித் தரவில்லை. வீடு வாடகைக்கு, குர்ஆன் ஓதக் கற்றுத் தரப்படும், பழைய கார் விற்பனைக்கு என்ற தாள்களுக்கு நடுவில் அது தொங்குகிறது. எங்கள் பெண்கள் அதைத் தாண்டிப் போய் இடியப்ப மா வாங்குகிறார்கள்.

ஜெஸீமா போன கிழமை அழைத்தாள். அந்த மூட்டையிலிருந்து ஊரில் யார் யாருக்குக் கொடுத்தாளோ அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

"என்ன சொன்னாங்க?"

"றீற்றா சிரிச்சா. பால் வந்திச்சுதானே அக்கா எண்டா. மத்த வீட்டுல ஒருத்தங்க உக்காரச் சொல்லல்ல. பரவால்ல, சொல்லிட்டன்."

"பிடி போடுறத விட்டுட்டியா?"

"ஏன் விடணும்? இப்ப தலை பாத்து வாங்கிப் போடுறன்."

பிறகு கேட்டாள்: "நானா, அங்க வாங்கினவங்களுக்கு யார் சொன்ன?"

கதவில் ஒட்டியிருக்கிறது என்றேன். எந்தப் பாஷையில் என்றாள். சொன்னேன்.

"அத யார் வாசிக்கிற? எங்கட பாஷையில சொல்லுங்க நானா. அவங்ககிட்ட எனக்காக ஹலால் கேளுங்க."

ஹலால் கேட்பது என்றால், ஒருவருக்கு நாம் செய்த குறையை மனதாரப் பொறுத்துவிடச் சொல்லி அவரிடமே கேட்பது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும், மற்றவர் யாரும் தர முடியாது. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எந்த வீட்டு அடுப்பில் அந்தப் பொதி பிரிந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஊரில் வாசிக்கிறவர்களே, உங்கள் மகளோ மருமகளோ இந்தப் பக்கம் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

சென்ற குளிர்காலத்தில் இங்கே கற்பிட்டிக் கட்டாக் கருவாடு வாங்கியவர்களே, பொதியின் மேலே இருந்த வெள்ளைத் துண்டுகளைச் சுறா என்று எண்ணி, பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைத்துக் கொடுத்திருந்தால், அது சுறா இல்லை, திருக்கை. சாப்பிடக்கூடாத மீன் இல்லை, பயப்படாதீர்கள். அதைப் போட்டவள் என் தங்கை ஜெஸீமா. அவளுக்கு ஹலாலாக்கிக் கொடுங்கள்.